நர்சிங் மாணவர்களிடம் கல்லூரியைப் பற்றிக் கேட்பது: டிரீமா, கிளெஸ்ஸா, நேர்ப் பேச்சா?

'இங்கே படிக்கிற சூழல் எப்படி இருக்கிறது' என்று மாணவர்களிடமே முறையாகக் கேட்டுப் பார்க்கலாம் என ஒரு நர்சிங் கல்லூரி முடிவெடுக்கிறது. அங்கீகாரக் குழு வரும் நேரம் நெருங்கியிருக்கலாம். இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுப் போகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கலாம். காரணம் எதுவானாலும், குழு கூடியதும் முதலில் எழும் கேள்வி, எந்தப் படிவத்தை எடுப்பது என்பதுதான். கைவசம் உள்ள வழிகளில் அடிக்கடி பேசப்படுபவை நான்கு: ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவான டிரீம் (DREEM), பின்லாந்தின் கிளெஸ் (CLES), ஆஸ்திரேலியாவில் உருவான சிஎல்இஐ (CLEI) என்ற மூன்று கேள்விப் படிவங்கள், அப்புறம் படிவமே இல்லாமல் மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்துப் பேசுவது. கல்லூரி அலுவலகமே அடித்துத் தரும் 'ஃபீட்பேக் ஃபார்ம்' ஐந்தாவது. அதற்குக் கடைசியில் நாலு வரி ஒதுக்கினால் போதும்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், வார்டைப் பற்றிக் கேட்கும் கருவியை எடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வகுப்பறையைப் பற்றி விலாவாரியாகக் கேட்டுவிட்டு, வார்டைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன.

மற்ற கல்லூரிகளில் 'கற்றல் சூழல்' என்றால் வகுப்பு, நூலகம், ஆசிரியர், ஹாஸ்டல் என்று பட்டியல் போட்டுவிடலாம். நர்சிங் படிப்புக்கு இது பாதிக்கணக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைப் பாருங்கள்: பொதுச் செவிலியர் படிப்பு குறைந்தது 4,600 மணி நேரம், அதில் குறைந்தது பாதி மருத்துவமனைப் பயிற்சி, பாடம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. மற்ற இடங்களில் கணக்கு கூடலாம், குறையலாம். ஆனாலும் போஸ்டிங், அதாவது வார்டுக்குப் போய்ச் செய்யும் பயிற்சி, இல்லாத நர்சிங் படிப்பு எங்குமே இல்லை. அந்தப் போஸ்டிங்கில் மாணவர் மனநிலையைத் தீர்மானிக்கும் ஆட்களில் பலர் கல்லூரியின் சம்பளப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். வார்டு இன்சார்ஜ், இரவு டியூட்டி சீனியர், ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் 'ஸ்டூடண்ட் கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்லும் ஸ்டாஃப் நர்ஸ், இவர்கள் எல்லாருமே மாணவரின் கல்லூரிதான். 1981-இல் பிரிட்டனில் ஹெலன் ஆர்ட்டன் செய்த ஆய்வு, வார்டில் கற்கும் சூழல் நன்றாக அமைவதும் கெடுவதும் வார்டுக்குப் பொறுப்பான வார்டு சிஸ்டரைப் பெரிதும் பொறுத்தது என்று காட்டியது. பின்னால் வந்த கருவிகள் வார்டுத் தலைமைக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியதில் வியப்பில்லை.

டிரீம்: கல்லூரி முழுவதற்கும் ஒரே அளவுகோல்

சூ ராஃப் முதலானோர் 1997-இல் வெளியிட்ட இந்தக் கருவியில் 50 கூற்றுகள் உண்டு. மாணவர் எவ்வளவு ஏற்கிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 200. ஐந்து பிரிவுகள்: கற்றல் குறித்த பார்வைக்கு 48, ஆசிரியர்களுக்கு 44, தன் படிப்புத் திறன் குறித்த நம்பிக்கைக்கு 32, சூழலுக்கு 48, நண்பர்கள், தங்குமிடம் போன்ற சமூக வாழ்க்கைக்கு 28. மருத்துவ மாணவர்களோடு மற்ற சுகாதாரப் படிப்புகளையும் மனதில் வைத்துச் செய்தது. உலகம் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள், பல மொழிகளில் கிடைக்கிறது. வேறு கல்லூரியோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டும் என்றால் இதற்கு நிகரானது கிடைப்பது கடினம்.

இதன் நல்ல பக்கம், மாணவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதைக் கூற்றாகவே எழுதி முன்னால் வைக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்களைக் கேலி செய்கிறார்கள், வகுப்பில் கோபப்படுகிறார்கள், இந்தப் படிப்பை அனுபவிக்க முடியாத அளவுக்கு எனக்குக் களைப்பு, இங்கே காப்பியடிப்பது ஒரு பிரச்சினை: இப்படி நேரடியாகக் கேட்கிறது. எதிர்மறைக் கூற்றுகள் மொத்தம் ஒன்பது. இவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடவேண்டும். கேலியை 'முழுவதும் ஏற்கிறேன்' என்று குறித்தவருக்கு 0, 'முழுவதும் மறுக்கிறேன்' என்றவருக்கு 4. எக்செல்லில் தரவு ஏற்றுகிறவர் இதை மறந்தால் ஒரு மாணவரின் மொத்தத்தில் 36 மதிப்பெண் வரை புரண்டுவிடும். டிரீம் எடுக்க நினைப்பவர்கள் முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டவேண்டிய விஷயம் இது: 4, 8, 9, 17, 25, 35, 39, 48, 50 ஆகிய எண்களைத் திருப்பு.

சிக்கல் மொத்த மதிப்பெண்ணில் தொடங்குகிறது. 50 வரை மிக மோசம், 51 முதல் 100 வரை பிரச்சினைகள் ஏராளம், 101 முதல் 150 வரை குறையைவிட நிறை அதிகம், 151-க்கு மேல் மிகச் சிறப்பு என்று வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. வெளிவந்த முடிவுகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாவது பட்டையில்தான் விழுகின்றன. 102 வாங்கிய கல்லூரியும் 149 வாங்கிய கல்லூரியும் ஒரே வாசகத்தை எழுதி அறிக்கையை மூடிவைக்கலாம். முதல்வர் மேசையில் '128, நிறை அதிகம்' என்று ஒரு வரி வந்து நின்றால் அதை வைத்து எவராலும் எதையும் மாற்ற முடியாது.

பயன் இருப்பது ஒவ்வொரு கூற்றின் சராசரியில். 3.5-க்கு மேல் இருந்தால் நிஜமான பலம், 2-க்குக் கீழே போனால் கவனிக்கவேண்டிய இடம், இடையில் இருப்பதைத் தேற்றலாம். மன அழுத்தத்தில் இருக்கும் மாணவர்களுக்கு நல்ல ஆதரவு ஏற்பாடு இருக்கிறது என்ற கூற்று, நாடு எதுவானாலும், அடிமட்டத்தில் வந்து நிற்பது வாடிக்கை. தகவலை மனப்பாடம் செய்வதற்கே அதிக முக்கியத்துவம் என்ற புகாரும் அப்படித்தான்.

சராசரியும் ஏமாற்றும். அறுபது பேர் உள்ள வகுப்பு. ஒரு கூற்றுக்கு அறுபது பேரும் 'சரியாகத் தெரியவில்லை' என்று 2 போட்டாலும் சராசரி 2.0. முப்பது பேர் 4, முப்பது பேர் 0 போட்டாலும் அதே 2.0. முதல் வகுப்புக்கு அந்த விஷயத்தில் ஆர்வமில்லை, அவ்வளவுதான். இரண்டாவது வகுப்பு இரண்டு பேட்ச்சாக இரண்டு மருத்துவமனைகளுக்குப் போய் வந்திருக்கலாம். ஒன்றில் நன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மற்றதில் படாதபாடு படுத்தியிருப்பார்கள். அதனால் எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது வராத அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

நர்சிங்கைப் பொறுத்தவரை டிரீமின் பெரிய குறை வேறு. 50 கூற்றில் வார்டுக் கற்பித்தலின் சூழலை நேராகத் தொடுவது ஒன்றே ஒன்று: வார்டில் கற்பிக்கும்போது சூழல் இறுக்கமில்லாமல் இருக்கிறது என்பது. நோயாளிகளிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பது போல ஓரிரண்டு அருகில் வருகின்றன, அவ்வளவுதான். படிப்பின் பாதி நேரத்தை 50-இல் 1 தூக்கிச் சுமக்கிறது. போதாததற்கு, பின்னாளைய பல சரிபார்ப்பு ஆய்வுகளில் மாணவர்களின் விடைகள் அந்த ஐந்து பிரிவுகளாக அப்படியே பிரிந்து வரவில்லை. ஆகவே 'சூழல் பிரிவில் 48-க்கு 29' என்பதைப் பிடித்துக்கொண்டு நீளமாக விவாதிப்பது வீண் வேலை.

கிளெஸ்: வார்டுக்குள் போய்க் கேட்பது

மிக்கோ சாரிகோஸ்கியும் ஹெலேனா லெய்னோ-கில்பியும் 2002-இல் கொண்டுவந்த கருவி இது. கல்லூரி ஆசிரியரின் பங்கையும் சேர்த்து 2008-இல் விரிவாக்கினார்கள். அந்த வடிவத்துக்குக் கிளெஸ் பிளஸ் டி என்று பெயர். 34 கூற்றுகள், 1 முதல் 5 வரை. வார்டின் கற்பிக்கும் சூழலுக்கு 9, வார்டு மேலாளரின் தலைமைக்கு 4, அந்த வார்டில் நோயாளிப் பராமரிப்பு எந்த அடிப்படையில் நடக்கிறது என்பதற்கு 4, வழிகாட்டும் நர்ஸோடு உள்ள உறவுக்கு 8, கல்லூரி ஆசிரியருக்கு 9.

கூற்றுகளின் பக்குவத்தைப் பாருங்கள். வார்டு ஊழியர்கள் மாணவரைப் பெயர் சொல்லி அறிந்துகொண்டார்களா என்று ஒன்று. ஷிப்ட் தொடங்கும்போது வார்டுக்குள் நுழையத் தயக்கமில்லாமல் இருந்ததா என்று ஒன்று. ஷிப்டுக்கு முந்தைய கூட்டத்தில் நீங்களும் பேச முடிந்ததா என்று ஒன்று. போஸ்டிங் போன யாரைக் கேட்டாலும் இந்த மூன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். நான்கு வாரமும் 'ஏம்மா ஸ்டூடண்ட்' என்றே கூப்பிடப்பட்டவருக்கும், இரண்டாம் நாளே பெயர் சொல்லி 'வா, இந்த டிரெஸ்ஸிங்கைச் சேர்ந்து செய்யலாம்' என்று அழைக்கப்பட்டவருக்கும் ஒரே ரெக்கார்டு புத்தகம், ஒரே கையெழுத்து. கற்றது ஒன்றல்ல. மருத்துவமனைப் பயிற்சியில் 'நானும் இங்கே ஒருத்தி' என்ற உணர்வைப் பற்றி ஆய்ந்த டிரேசி லெவெட்-ஜோன்ஸ், அந்த உணர்வு வராத மாணவர் கற்பதற்கான தெம்பையெல்லாம் ஒட்டிக்கொள்வதிலேயே செலவழிக்கிறார் என்று எழுதியதும் இதைத்தான்.

இந்தப் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பெண் போடாத ஒரு கேள்வி. உங்களுக்கு வழிகாட்டி எப்படி அமைந்தார் என்று கேட்டு விடைகளை அடுக்குகிறது: வழிகாட்டியே இல்லை, பெயருக்கு ஒருவர் இருந்தார், ஆனால் ஒத்துவரவில்லை, நடுவில் ஆள் மாறிவிட்டார், ஷிப்டுக்கு ஷிப்ட் வேறு வேறு ஆள், ஒருவரே பல மாணவர்களைச் சேர்த்துப் பார்த்தார், எனக்கென்று ஒருவர் இருந்தார், நன்றாக இருந்தது. வழிகாட்டியிடம் தனியாகப் பேசும் வாய்ப்பு எத்தனை முறை கிடைத்தது என்பது இன்னொரு கேள்வி. தனக்கென்று ஒரு வழிகாட்டி இருந்து, அவரோடு அடிக்கடி தனியாகப் பேசவும் முடிந்த மாணவர்களே அதிகத் திருப்தியோடு இருக்கிறார்கள் என்பது இந்தக் கருவியை வைத்துச் செய்த ஆய்வுகளில் மறுபடி மறுபடி வந்த முடிவு. இதற்குப் பெரிய செலவும் கிடையாது. டியூட்டி ரோஸ்டர் போடும்போது மாணவர் பெயரையும் ஒரு நர்ஸின் ஷிப்டோடு சேர்த்து எழுதினால் பாதி வேலை முடிந்தது.

குறைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும் கொடுக்கவேண்டும், ஆகவே வேலை அதிகம். மாணவருக்கு இரண்டாவது ஆண்டிலேயே சலித்துவிடும். ஒரு வார்டில் நான்கு பேர்தான் போயிருப்பார்கள் என்றால், இன்சார்ஜைப் பற்றிக் குறைவான மதிப்பெண் போட்டது யார் என்று கண்டுபிடிக்கச் சிரமமே வேண்டாம். அதனால் வார்டு வாரியாக உடனே வெளியிடாமல், மூன்று நான்கு பேட்ச் சேர்ந்த பிறகு பார்ப்பது நல்லது. இன்னொன்று, மருத்துவமனை கல்லூரியின் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முடிவை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் பேசுவது? இதை முன்கூட்டியே நர்சிங் கண்காணிப்பாளரிடம் பேசி வைத்துக்கொள்ளாமல் படிவம் கொடுத்தால், தாள்கள் பீரோவில்தான் தூங்கும். ஹாஸ்டல், தேர்வு, பாடத்திட்டம் எதையும் கிளெஸ் தொடாது என்பதையும் மறக்கவேண்டாம்.

சிஎல்இஐ

டொமினிக் சான் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 42 கூற்றுகள், ஆறு பிரிவு, பிரிவுக்கு ஏழு. இதுவும் வார்டைப் பற்றியதுதான். இதில் தனியாகத் தெரிவது ஒரு விஷயம்: இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தாள், எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று இன்னொரு தாள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே முடிவு. யோசனை அழகாக இருக்கிறது. நடைமுறையில் எந்தக் கல்லூரியில் கேட்டாலும் விரும்பும் சூழலுக்கு மதிப்பெண் அதிகமாகத்தான் வருகிறது. அது எதிர்பார்த்ததே. எந்தப் பிரிவில் இடைவெளி பெரிது என்று வரிசைப்படுத்தினால் மட்டுமே பிரயோஜனம். 84 வரிகளுக்கு டிக் அடிக்கச் சொல்வதை, இரவு டியூட்டி முடித்து வந்த மாணவரிடம் கேட்க எனக்கு மனசு வராது. ஆராய்ச்சிக்கட்டுரை எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

படிவம் இல்லாமல் பேசுவது

ஆறிலிருந்து எட்டு மாணவர்கள், ஒரு மணி நேரம், ஒரு நடத்துனர், குறிப்பெடுக்க ஒருவர். படிவம் 'எது' என்று சொல்லும். 'ஏன்' என்று தெரிய இதுதான் வழி. மன அழுத்த ஆதரவுக்கு 1.2 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் ஒருவரை நியமித்துத்தானே இருக்கிறோம் என்று நிர்வாகம் குழம்பும். பேசிப் பார்த்தால், அவர் அறை திறந்திருக்கும் நேரமும் போஸ்டிங் நேரமும் ஒன்றாக இருப்பது தெரியவரலாம். இல்லாவிட்டால், அந்த அறை முதல்வர் அறைக்கு எதிரிலேயே இருப்பது தெரியவரலாம். எந்த 50 கூற்றும் இதைக் கேட்காது.

நடத்துவது யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இன்டர்னல் மார்க் போடும் மேடம் நடுவில் உட்கார்ந்துகொண்டு 'தயங்காம சொல்லுங்க' என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம், நூலகத்தில் இன்னும் ரெண்டு ஃபேன் இருந்தால் நல்லது என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடும். வெளியாள் வேண்டும். வேறு துறை ஆசிரியர், சமீபத்தில் படித்து முடித்த முன்னாள் மாணவர், யாராவது. ஆண்டு வாரியாகப் பிரித்து உட்காரவைக்கவேண்டும். முதலாம் ஆண்டும் இறுதி ஆண்டும் ஒன்றாக இருந்தால் சீனியர்கள் பேசுவார்கள், ஜூனியர்கள் தலையாட்டுவார்கள். வாயாடியான இரண்டு பேர் மற்ற ஆறு பேரின் கருத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு. தொடங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் இரண்டு விஷயம் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் பேசத் தொடங்கினால் இதை ஓரளவு சமாளிக்கலாம்.

எண்ணிக்கை கேட்கும் நிர்வாகத்திடம் இந்த முறை மட்டும் எடுபடாது. 'எட்டு பேர் சொன்னதை வைத்து எப்படி?' என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் இதைத் தனியாக விடாமல் ஏதாவது ஒரு படிவத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கல்லூரியே தயாரித்த படிவம்? மலிவு, சுருக்கம், சொந்த ஊழியர்களின் பெயர் போட்டே கேட்கலாம். ஆனால் 'வசதிகள் திருப்தியா, ஆசிரியர்கள் திருப்தியா' என்ற ரகக் கேள்விகளுக்குத் திருப்தி என்றுதான் விடை வரும். போன வருடத்தோடு ஒப்பிடலாம் என்றால், யாராவது நடுவில் நாலு கேள்வியை மாற்றியிருப்பார்கள்.

எதை எடுத்தாலும் கெடுக்கக்கூடியவை

கருவி எவ்வளவு நல்லதானாலும் கொடுக்கும் விதத்தில் அதைக் கொன்றுவிடலாம். போஸ்டிங்கின் கடைசி நாள், ரெக்கார்டில் கையெழுத்து வாங்க மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஒரு கையால் கையெழுத்துப் போட்டு மறு கையால் படிவத்தைக் கொடுக்கிறார். அந்தத் தாளில் உண்மை வராது. கையெழுத்தெல்லாம் முடிந்து, அடுத்த போஸ்டிங் தொடங்குவதற்கு முன் கொடுக்கவேண்டும். ரொம்பத் தள்ளிப்போட்டால் ஞாபகம் மங்கிவிடும்.

பெயர் கேட்காததால் மட்டும் அநாமதேயம் ஆகிவிடாது. வகுப்பில் மூன்றே பேர் ஆண்கள் என்றால், படிவத்தின் மேலே 'பாலினம்' என்று ஒரு கட்டம் போட்டதுமே அந்த மூவரும் அம்பலம். அதோடு வயது, ஹாஸ்டலா வீடா என்றும் கேட்டால் பெண்களிலும் பலரைக் கண்டுபிடித்துவிடலாம். பகுப்பாய்வில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் அந்தக் கட்டங்களை எடுத்துவிடுங்கள். கையால் எழுதும் கருத்துப்பகுதியும் அப்படித்தான். கையெழுத்தை ரெக்கார்டில் பார்த்துப் பழகிய ஆசிரியருக்கு யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தட்டச்சு செய்து கொடுத்தால்தான் பாதுகாப்பு.

சரி, எதை எடுப்பது

அங்கீகாரத்துக்கோ வேறு கல்லூரியோடு ஒப்பிடவோ எண் வேண்டும் என்றால் டிரீம், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, எல்லா ஆண்டு மாணவர்களுக்கும். மொத்தத்தை அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள், வேலையைக் கூற்று வாரியாகச் செய்யுங்கள். முதலாம் ஆண்டில் வார்டுப் பக்கமே அதிகம் போகாத மாணவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

போஸ்டிங்கிலிருந்து திரும்பும் மாணவர்கள் சோர்ந்துபோய் வருகிறார்கள், சிலர் படிப்பையே விடுகிறார்கள், பிரச்சினை எங்கோ மருத்துவமனையில் இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், கிளெஸ் பிளஸ் டி. எல்லாப் போஸ்டிங்குக்கும் கொடுக்கமுடியாவிட்டால் நீளமான போஸ்டிங்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வழிகாட்டி எப்படி அமைந்தார் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லாப் போஸ்டிங்குக்கும் வைத்துக்கொள்ளலாம். விடை சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

பணமும் ஆளும் இல்லாத சிறிய கல்லூரி, ஆண்டுக்கு முப்பது நாற்பது மாணவர்தான் என்றால் படிவப் புள்ளிவிவரத்துக்கு அர்த்தமே குறைவு. வெளியாள் ஒருவரை வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை பேசவைப்பதே போதும். கூட்டத்தில் வந்தவற்றில் எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று ஒரு பக்கத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். அதை ஒட்டாத கல்லூரியில், இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறவர்கள் வருகைப்பதிவுக்காக மட்டுமே வருவார்கள்.